தீக்காக்கையும் என் இரண்டு கன்னங்களும்

ஸ்ரீரங்கத்தில் பிறந்தவளுக்கு வானத்தில் கருடன் தென்பட்டால் போதும். அரிசி களைந்துகொண்டிருந்தாலும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தாலும் கை தானாகக் கன்னத்துக்குப் போய்விடும். மற்றவர்கள் தொட்டும் தொடாமலும் போட்டுக்கொள்வார்கள். நான் போட்டுக்கொண்டால் யாரோ யாரையோ அறைகிறார்கள் என்று எதிர்வீட்டுக் கதவு திறக்கும். கூடவே ‘கிருஷ்ணா, கிருஷ்ணா’ என்று குரலும் வரும். ஒருமுறை அல்ஜீப்ரா நடத்தும்போது ஜன்னல் வழியாகக் கருடனைப் பார்த்துத் தொலைத்தேன். அன்றிலிருந்து கணக்கு புரியாதபோதெல்லாம் மாணவிகள் "டீச்சர், கருடன்!" என்று ஜன்னலைக் காட்டினார்கள். நானும் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். என் சிநேகிதி அதே பள்ளியில் சயின்ஸ் டீச்சர், மேலப்புதூர்க்காரர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும், கைலாசபுரம் பி.எச்.இ.எல். குடியிருப்பில் இருந்த தம்பி கொடுத்த பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கொள்ளிடக் கரைக்கு வந்துவிடுவார். நான் பிளாஸ்க்கில் காபியோடு போய்ச் சேர்ந்துகொள்வேன். அவருக்குப் பறவை, எனக்குப் பேச்சு. என் பேச்சுக்குப் பயந்து எத்தனை கொக்குகள் லால்குடி பக்கம் குடிபோயினவோ தெரியாது. ஆனால் ஒருநாள்கூட அவர் என்னை வர வேண்டாம் என்று சொன்னதில்லை.

அவருக்கு ஒரே ஆசை, தீக்காக்கையைப் பார்க்க வேண்டும். பெயர்தான் காக்கை. கறுத்த தலையும் நெருப்பு நிற வயிறுமாக மழைக்காட்டு நிழலில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பறவை அது. பொள்ளாச்சிக்கு மேலே ஓர் எஸ்டேட் பள்ளியில் அவருடைய சித்தி மகள் வேலை பார்த்தாள். காட்டிலாகாவில் வாட்சராக இருந்த ஒருவர் அங்கே பறவை பார்க்க வருகிறவர்களைக் கூட்டிப்போவதாக அவள் எழுதியிருந்தாள். காலாண்டுப் பரீட்சை லீவில் கிளம்பினோம்.

"காக்கா பாக்கப் பொள்ளாச்சிக்கா போறே? நம்மாத்து மொட்டை மாடில வேணுங்கற மட்டும் இருக்கே" என்றார் என் கணவர். அவருடைய கான்வாஸ் ஷூவையும் சாக்ஸையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

வையம்பட்டி தாண்டியதும், புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சயின்ஸ் டீச்சர் சாதாரணமாகச் சொன்னார். "கண் டாக்டரைப் பாத்தேன் டீச்சர். ஜட்கா குதிரைக்குக் கண்பட்டி கட்டுவாங்கல்ல, அந்த மாதிரி ஆயிட்டு வருதாம். நேரா இருக்கறது தெரியுது. பக்கத்துல இருக்கறது தெரியலை. போகப் போக நேரா இருக்கறதும் போயிடுமாம். அதான் இந்த லீவுலயே போயிடலாம்னு." கையில் எடுத்ததை நான் பொட்டலத்திலேயே திரும்ப வைத்தேன். அவரோ, புளியோதரையில் வேர்க்கடலை குறைகிறது என்றார்.

மறுநாள் விடியற்காலையில் அந்த வாட்சர் எங்களைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. நூல் புடவை, அதன் கீழே ஆண்பிள்ளை ஷூ. அட்டை ஏறாமல் இருக்க சாக்ஸில் புகையிலைத் தூளைத் தடவச் சொன்னார். "பேசக் கூடாதும்மா. அது நம்ம சத்தம் கேட்டா முதுகைக் காட்டி உக்காந்துக்கும். வயிறு தெரியாது. இன்னொரு சத்தம் கேட்டா போயிரும்" என்றார். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் மரங்களைப் பார்த்தேன்.

ஒரு மணி நேரம் நடந்தோம். வாட்சர் சட்டென்று நின்று விரலை உதட்டில் வைத்தார். மெல்லிய, கரகரத்த குரல் பக்கத்திலேயே கேட்டது. டீச்சர் பைனாகுலரைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்து மேலே இலைகளுக்கு நடுவே ஒரு துண்டு வானம் தெரிந்தது. அதில் பெரிய சிறகு ஒன்று வட்டம் போட்டது. அவ்வளவுதான். பட், பட், பட், பட்! "கிருஷ்ணா, கிருஷ்ணா!"

கரகரத்த குரல் நின்றுவிட்டது. ஒரு மந்திக் கூட்டமே கிளையைக் குலுக்கிக்கொண்டு ஓடியது.

"அது கருடன் இல்லம்மா, பாம்புப் பருந்து" என்றார் வாட்சர். பாவத்துக்குப் புண்ணியம்கூடக் கிடைக்கவில்லை. டீச்சர் கோபித்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பைனாகுலர் கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அன்று முழுவதும் அந்தக் குரல் திரும்பக் கேட்கவில்லை. எங்களுக்கு இருந்தது இன்னும் ஒரே ஒரு காலை. மறுநாள் காட்டுக்குள் நுழையும்முன் நானே சொன்னேன். "பெருமாள் சத்தியமா இன்னிக்கு வாயைத் திறக்க மாட்டேன், அசைய மாட்டேன். போதுமா?" வாட்சருக்கு அதுவும் போதவில்லை. "கைக்கு ஒரு வேலை குடுங்க" என்று டிபன் கேரியரை என் இரண்டு கைகளிலும் வைத்து அழுத்தினார்.

எங்களை ஒரு விழுந்த மரத்தில் உட்கார வைத்துவிட்டு, முந்தின நாள் குரல் வந்த திசையைப் பார்த்துவருவதாக அவர் போனார். டீச்சர் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். டிபன் கேரியரோடு நான் அவருக்கு இடப்பக்கம், ஓரடி பின்னால்.

சத்தமே இல்லாமல் வந்தது அது. டீச்சரின் இடது தோளுக்கு அந்தப் பக்கம், கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போன்ற தூரத்தில், ஒரு கொடியில் உட்கார்ந்தது. முதுகைக் காட்டவில்லை. வயிற்றைக் காட்டியே உட்கார்ந்தது. அப்படி ஒரு சிவப்பை நான் பட்டுப் புடவையில்கூடப் பார்த்ததில்லை.

டீச்சர் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது தெரியாது என்று எனக்குத் தெரியும். பேசினால் பறந்துவிடும். தொட்டால் அவர் திடுக்கிடுவார், அப்போதும் பறந்துவிடும். பேசாவிட்டால் பார்க்க மாட்டார். கண்ணாலும் புருவத்தாலும் நான் செய்த சேஷ்டைகளைப் பார்க்க அங்கே அந்தப் பறவையைத் தவிர யாரும் இல்லை. திரும்பேன், திரும்பேன் என்று மனசுக்குள் கத்தினேன். பிறந்ததிலிருந்து மூடாத வாயை அன்றைக்குத்தானா மூட வேண்டும்? கடைசியில் சத்தியமாவது ஒன்றாவது என்று, அவர் ஷூவைத் தொட என் காலை ஒரு விரற்கடை நகர்த்தினேன். கொடி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் பேசவே இல்லை. பழனி தாண்டியதும் டீச்சர் என் கையைப் பிடித்தார்.

"நேத்துலேர்ந்து மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க. உங்களாலதான் போச்சுன்னு நினைக்காதீங்க டீச்சர். இன்னிக்கு நீங்க சிலை மாதிரி உக்காந்திருந்தீங்களே, அப்பவும் வரலையே? வந்து நான் பாக்காம விட்டிருந்தாத்தான் எனக்குத் தாங்காது. அது வரவே இல்லை. அதனால மனசு ஆறிடுச்சு."

பிறகு நோட்டை எடுத்து, பஸ் குலுக்கலில் கோணலாக, ‘தீக்காக்கை: வரவில்லை’ என்று எழுதினார். சயின்ஸ் டீச்சர் அல்லவா, எதற்கும் பக்கத்தில் இருந்தவரின் கையெழுத்து வேண்டும் அவருக்கு. பேனாவை என்னிடம் நீட்டினார்.

வாங்கி, தேதியோடு கையெழுத்துப் போட்டேன்.