முன்வரிசைக் கதிரைகள்

மூத்த பேராசிரியர்கள் என் ஆய்வைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள் என்றுதான் முட்டாள்தனமாக நம்பியிருந்தேன். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குக் குப்பை வண்டி ஏன் வருவதில்லை என்பதே ஐம்பது வயதில் நான் செய்த முதல் ஆய்வு. கலஹாவிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகம் வரை பஸ்ஸில் அவர்கள் கேட்கப்போகும் கேள்விகளுக்குப் பதில்களை முணுமுணுத்ததில், பக்கத்திலிருந்தவர் பயந்து இடம் மாறிவிட்டார்.

இளையவர்களும் மூத்தவர்களும் கலந்து பேசும் பொது நிர்வாக ஆய்வரங்காம்! காலை முழுக்க மூத்தவர்களே பேசினார்கள். சாப்பிட்டுவிட்டு என் முறைக்கு வந்தால், முன்வரிசைக் கதிரைகள் காலி.

“ஐயாமாரெல்லாம் எங்கம்மா?”

“போயிட்டாங்கண்ணே,” என்றாள் ஏற்பாட்டுக்குழுப் பெண். “உங்களுக்குத்தான் தலை நரைச்சிருக்கே, முன்னால உக்காருங்க. போட்டோ எடுக்கணும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “குப்பை வண்டிகூட வர்றேன்னு சொல்லி ஏமாத்தலியேம்மா!”

உட்கார்ந்தேன். படம் எடுத்தார்கள். என் ஆய்வை யாரும் கேட்கவில்லை.