நான் எடுக்காத அளவு

மைசூரில் எங்கள் சமையலறையைக் குறைந்த செலவில் மாற்ற, நாமே பாகங்களைப் பொருத்திக்கொள்ளும் அலமாரிகளை ஆன்லைனில் வாங்கினேன். சுவரை மூன்று முறை அளந்தேன்; ஒரு நூல்கூடப் பிசகவில்லை. டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தவள் என் மனைவி செல்வி. மேல் அலமாரியை என் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டினேன்.

இரண்டாவது வாரம், ராகி மாவு டப்பாவை எடுக்க ஸ்டூலில் ஏறியவள் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் கோபமே இல்லாமல் கேட்டாள்: "ஏங்க, அளவெடுக்கறப்போ நானும் பக்கத்துலயேதானே நின்னேன்?"

அலமாரியை ஓரடி இறக்கிவிட்டேன். அவள் விரல்கள் இன்னும் முழுதாக மடங்கவில்லை. சுவரிலிருந்த பழைய துளைகளைப் பூசி, இரண்டு முறை பெயிண்டும் அடித்தேன். ஆனாலும் தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அவை இருந்த இடம் என் கண்ணுக்குத் தப்புவதில்லை.