பூசணிக்காய் உடைக்காத சனிக்கிழமை

அக்டோபர் பிறந்தால் நியூ ஜெர்சியில் எங்கள் ஊரான ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் வாசல்தோறும் பூசணிக்காய் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஆரஞ்சு நிறத்தில், படிக்கு ஒன்றாக. சமைப்பதற்கும் இல்லை, திருஷ்டிக்கும் இல்லை. மாதக் கடைசியில் வரும் பேய்ப் பண்டிகைக்காகக் குழந்தைகள் குடைந்து கண்ணும் பல்லும் வைப்பார்கள், அவ்வளவுதான். நம் ஆட்கள் அதைப் பார்த்தால் சாம்பாரை நினைப்பார்கள். எனக்கு மட்டும் வேறு ஞாபகம் வரும். நான் கோடம்பாக்கத்தில் ஐந்து வருடம் உதவி இயக்குநராக இருந்தவன். அங்கே ஒரு படத்தின் கடைசி ஷாட் முடிந்ததும் பூசணிக்காய்மேல் கற்பூரம் ஏற்றி, கேமராவையும் யூனிட்டையும் சுற்றி, தரையில் போட்டு உடைப்பார்கள். ‘பூசணிக்காய் உடைச்சாச்சு’ என்றால் படப்பிடிப்பு முடிந்தது, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். வீட்டில் யாராவது காத்திருந்தால் அது நல்ல செய்திதான்.

நான் கடைசியாக வேலை பார்த்த படத்துக்கு அந்தப் பூசணிக்காயைப் பார்க்கவில்லை. பாதிப் படப்பிடிப்பில் விசா வந்துவிட்டது. இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்களுக்குத் தேதி குழம்பிவிடும் என்று உலகமே பயந்துகொண்டிருந்த காலம். அப்பாவின் நச்சரிப்புக்காகப் படித்துவைத்த கம்ப்யூட்டர் படிப்பு அப்போது கைகொடுத்தது. நியூ ஜெர்சிக்கு வந்து பெட்டியைத் திறந்தால் சட்டைகளுக்கு அடியில் என் கண்டினியூட்டி நோட்டு. முந்தின ஷாட்டில் கதாநாயகியின் வளையல் எந்தக் கையில் இருந்தது, டம்ளரில் காபி எவ்வளவு இருந்தது என்றெல்லாம் எழுதிவைக்கும் நோட்டு அது. துண்டு துண்டாகப் பல நாள் எடுத்தாலும் ஒட்டும்போது ஒரே நாளாகத் தெரிய வேண்டும். அதைக் கொடுத்துவிட்டு வராமல் கையோடு கொண்டுவந்துவிட்டேன். ஃபோன் கார்டு போட்டுக் கூப்பிட்டபோது, கூட வேலை பார்த்த மணி பிடித்துக்கொண்டான்.

“நீ பாட்டுக்கு நோட்டைத் தூக்கிட்டுப் போயிட்ட. இங்க ஹீரோயினுக்கு ஒரு ஷாட்ல சின்னப் பொட்டு, அடுத்த ஷாட்ல பெரிய பொட்டு. டைரக்டர் உன்னைத் திட்டாத நாள் இல்லடா.” பிறகு குரல் இறங்கியது. “நேத்துதான் பூசணிக்காய் உடைச்சோம். நீ இல்லாம என்னமோ மாதிரி இருந்துச்சு.”

எனக்கு இங்கே என்னமோ மாதிரி இருந்ததை நான் சொல்லவில்லை. வாரநாட்கள் ஓடிவிடும். ஆபீஸில் ஒரு தடுப்புக்குள் உட்கார்ந்து இரண்டு இலக்க வருடங்களை நான்கு இலக்கமாக்கிக்கொண்டிருப்பேன். சனிக்கிழமைதான் கொல்லும். துணி துவைத்து, அரிசி வாங்கி, காலை பத்து மணிக்கெல்லாம் நாள் முடிந்துவிடும். மீதி நேரத்தில் நடப்பேன். நடைபாதையே இல்லாத தெருக்களில் நடக்கிறவனைக் கார்க்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அப்படி நடந்த ஒரு வசந்தகாலச் சனிக்கிழமையில்தான் ஒரு வீட்டின் முன்னால், கார் நிறுத்தும் டிரைவ்வேயில் கேமராவைப் பார்த்தேன். பதினாறு எம்எம், பழைய கேமரா. கால் நின்றுவிட்டது. நம் ஊரில் ஷூட்டிங்கை வேடிக்கை பார்ப்பது பிறப்புரிமை. இங்கே அரை மணி நேரம் அசையாமல் நிற்கிறவன் புகார் சொல்ல வந்தவன். தாடி வைத்த ஒரு பெரியவர் பரபரப்பாக ஓடிவந்தார். “சாரி, தெருவை அடைத்து நிற்கிற வேனை இப்போதே எடுத்துவிடுகிறோம். போலீஸெல்லாம் வேண்டாமே.” நான் புகார் சொல்ல வந்தவன் இல்லை, வேடிக்கை பார்க்கிறவன் என்று எப்படிச் சொல்வது? “நடிக்கிற அந்த அம்மா முன்பு கோப்பையை இடது கையில் வைத்திருந்தார், இப்போது வலது கையில் வைத்திருக்கிறார்” என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அடுத்த சனிக்கிழமை எனக்கென்று ஒரு மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். நோட்டை நான் தலைகீழாகத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கினேன்.

அவர் பெயர் க்ளென். ஐம்பதை நெருங்கியவர். எந்தக் கம்பெனியிலும் சேராமல் சொந்த முயற்சியில் படம் எடுக்கும் டைரக்டர். முதல் படத்தை நண்பர்களை வைத்தே எடுத்திருந்தார். அது ஒரு திரைப்பட விழாவில் ஓடிப் பேர் வாங்கியதும் பெரிய சினிமாக் கம்பெனிக்காரர்கள் கலிஃபோர்னியாவுக்கு அழைத்தார்கள். அங்கே இரண்டு வருடம் மதிய உணவு சாப்பிட்டதுதான் மிச்சம் என்பார். ஒவ்வொரு சாப்பாட்டிலும் ஒருவர் அவரை மேதை என்பார், பிறகு ஃபோனை எடுக்க மாட்டார். திரும்பிவந்து எடுத்த இரண்டாவது படம் எந்தத் தியேட்டரையும் பார்க்கவில்லை. இப்போது ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டு, சனிக்கிழமைகளில் தன் வீட்டிலேயே மூன்றாவது படத்தை எடுத்தார். பெரிய கம்பெனிகள் எடுத்ததுபோக மிஞ்சிய ஃபிலிம் துண்டுகளில்தான் படமே. கோடம்பாக்கத்தில் எங்கள் டைரக்டர் நடந்தால் குடை நடக்கும். க்ளென் எனக்கு சாண்ட்விச் செய்து, குறுக்கே வெட்டித் தருவார்.

கதை சின்னது. கணவனை இழந்த ஒரு பெண் வீட்டை விற்றுவிட்டுப் போகிறாள். நடித்தவர் டோலரஸ், ஓய்வுபெற்ற நூலகர். அவர் என்னைக் கண்டதும் “இன்று என் கொண்டை சரியா, சரா?” என்று கேட்பார். சரவணன் அவர்கள் வாயில் சரா ஆகியிருந்தது. அந்த ஊரில் ஒருவர் என் பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது சனிக்கிழமைகளில் மட்டும்தான். கோடை முழுக்க அப்படிப் போயிற்று. என் நோட்டு ஒருதடவைகூடத் தப்பியதில்லை என்று க்ளென் எல்லாரிடமும் பெருமையடித்துக்கொள்வார்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை கடைசி ஷாட். டோலரஸ் சமையலறை விளக்கை அணைத்துவிட்டுப் பின்கதவைப் பூட்டிக்கொண்டு போக வேண்டும். கதவின் கண்ணாடி வழியே இலை அடர்ந்த மேப்பிள் மரம் தெரியும். மாதக் கடைசிக்குள் படத்தை ஒட்டி ஒரு விழாவுக்கு அனுப்பியாக வேண்டும், க்ளென்னின் மூச்செல்லாம் அதில்தான் இருந்தது. எங்கள் வழக்கத்தைக் கேட்டு ஆசைப்பட்டவர் என்பதால் நான் ஒரு பூசணிக்காயும் கற்பூரமும் கொண்டுபோய் வாசற்படியில் வைத்திருந்தேன். ஷாட் ஒரே டேக்கில் ஓகே. க்ளென் வழக்கம்போல் என் பக்கம் திரும்பினார். “சரா, எல்லாம் சரிதானே?”

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வாசலில் பூசணிக்காய் தெரிந்தது. அடுத்த சனிக்கிழமையும் தெரிந்தது. துணி, அரிசி, பத்து மணி. “ஸ்வெட்டர் கை” என்றேன். “முந்தின ஷாட்டில் மடித்துவிட்டிருந்தார். இப்போது இறக்கிவிட்டிருக்கிறார்.” சொன்னதோடு நிற்காமல் நோட்டில் எழுதவும் செய்தேன். அதுவரை என் நோட்டில் பொய் ஏறியதில்லை.

க்ளென் ஒரு வார்த்தை சந்தேகப்படவில்லை. வெளிச்சம் போய்விட்டது, அடுத்த வாரம் மறுபடி எடுப்போம், இரண்டையும் சேர்த்தே கழுவ லேபுக்கு அனுப்புவோம் என்று ரோலை ஃப்ரிட்ஜில் பால் கேனுக்குப் பக்கத்தில் வைத்தார். அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த இரண்டு வாரமும் டோலரஸுக்கு ஃப்ளூ. விழாவுக்கான கடைசித் தேதி போயே போய்விட்டது, இனி அடுத்த வருடம்தான். அன்றைக்கு க்ளென் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, “பரவாயில்லை, தப்பான படத்தை அனுப்புவதற்கு இது மேல்” என்று எனக்கு ஆறுதல் சொன்னார். எனக்கு! சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னால் அந்த நாற்காலியும் போய்விடும். வாயை மூடிக்கொண்டேன்.

நவம்பரில் மறுபடி எடுத்தபோது மேப்பிளில் ஒரு இலை இல்லை. உண்மையான பிசகு இப்போதுதான் வந்திருந்தது. “இலை முளைக்கும்வரை காத்திருக்க முடியாது” என்று க்ளென் சிரித்தார். படியில் கிடந்த பூசணிக்காயை அணில்கள் ஒரு பக்கம் தின்றிருந்தன, மறுபக்கம் அழுகியிருந்தது. கற்பூரம் ஏற்றிச் சுற்றிப் போட்டேன். சிதறவில்லை. சத்தமே இல்லாமல் கூழாகச் சரிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். தெருவில் விட்டுப்போகக் கூடாது என்று க்ளென்னும் நானும் குனிந்து அள்ளிக் குப்பைப் பையில் போட்டோம்.

ஜனவரியில் க்ளென்னிடமிருந்து ஃபோன் வந்தது. “சரா, இரண்டு ரோலையும் பார்த்தேன். ஸ்வெட்டர் கை எல்லாவற்றிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.” “ஏன்?” என்றார். என் ஆங்கிலத்துக்கு அது பெரிய கேள்வி. “சனிக்கிழமை எனக்குப் போக வேறு இடம் இல்லை” என்றேன். அவர் ஃபோனை வைத்துவிட்டார். கோபமாகக் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் தெருப் பக்கம் நான் நடக்கவில்லை.

ஏப்ரலில் தபாலில் ஓர் அட்டை வந்தது. கல்லூரி அரங்கில் ஞாயிறு மதியம் படம். பின்வரிசையில், கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தேன். நாற்பது பேர் இருப்பார்கள். கடைசிக் காட்சி வந்தது. டோலரஸ் விளக்கை அணைத்துப் பின்கதவைப் பூட்டினார். வெளியே மேப்பிள் நிறைய இலை. திரை ஒரு கணம் இருண்டது. அதே டோலரஸ், அதே விளக்கு, அதே பூட்டு. வெளியே மொட்டை மரம். க்ளென் இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருந்தார். போய்விட்டவள் திரும்பிவந்து, மறுபடி பூட்டிவிட்டுப் போகிறாள். முன்வரிசையில் ஒரு அம்மாள் மூக்கைச் சிந்தினார். எனக்குக் கண் மறைத்துவிட்டது. பெயர்கள் ஓடியபோது ‘கண்டினியூட்டி’க்கு நேராக, சரா என்று இல்லாமல், சரவணன் என்று முழுசாக இருந்தது.

வாசலில் க்ளென் நின்றிருந்தார். கை கொடுக்கவில்லை. “ஸ்வெட்டர் கை சரியாக இருந்ததா?” என்று கேட்டார். “இரண்டு தடவையும் சரியாக இருந்தது” என்றேன். கோட்டுப் பையிலிருந்து நோட்டை எடுத்து, அக்டோபரில் எழுதிய பொய்யை அவர் முன்னாலேயே அடிக்கப் போனேன். என் பேனாவின்மேல் விரலை வைத்து நிறுத்தினார். “இருக்கட்டும். ஒரு வருடம் போனது போனதுதான், சரா. ஆனால் அது இப்போது படத்தில் இருக்கிறது.” அந்தக் கோடையில் அவருக்கு வேறு மாநிலத்தில் வேலை கிடைத்து வீட்டை விற்றுவிட்டுப் போனார். விலாசம் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

நோட்டு இப்போதும் என் மேஜையில் இருக்கிறது. ஒரு பக்கம் திறந்தால் கதாநாயகியின் வளையல், தலைகீழாகத் திருப்பினால் டோலரஸின் ஸ்வெட்டர். இரண்டுக்கும் நடுவே சில வெள்ளைத் தாள்கள். சனிக்கிழமை காலையில் எடுத்துவைத்துக்கொண்டு உட்காருவேன். எந்தப் பக்கத்திலிருந்து எழுதத் தொடங்குவது என்று தெரியாமல், பத்து மணி ஆகிவிடும்.