ஆண்டு விழாப் புடவை

எங்கள் பள்ளி ஆண்டு விழா நெருங்கினால் ஆசிரியர் அறை மேசையில் பிளாஸ்டிக் உறைகள் வந்து குவியும். ஒவ்வோர் உறையிலும் ஒரே நிறத்தில் ஒரு புடவை. நிறத்தைத் தேர்ந்தெடுப்பது முதல்வர்; விலை போவது எங்கள் சம்பளத்திலிருந்து. அந்த வருடம் பீச் கலர் என்றார்கள். என் கண்ணுக்குப் பழைய பிளாஸ்திரி நிறமாகத் தெரிந்தது. கட்டினால் உடம்பு எரியும், நடந்தால் காலோடு ஒட்டிக்கொள்ளும். விழா முடிந்த பிறகு யாரும் அதைத் தொடுவதில்லை.

எனக்கு அது பொறுக்காமல் போனதற்குக் காரணம் உண்டு. முந்தின வருடம் பெங்களூரில், லிங்கராஜபுரத்திலேயே வேறு வீட்டுக்கு மாறினோம். மூட்டை கட்டும்போது அலமாரியின் அடியிலிருந்து இப்படிப்பட்ட புடவைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எல்லாம் ஒரே ஒரு மாலை கட்டியவை. தங்கையிடம் நீட்டினேன்.

"வேர்த்து ஊத்தும்க்கா. எனக்கு எதுக்கு?" என்று கையைக்கூட நீட்டவில்லை.

அதன் பிறகு துணிக்கடையில் எனக்கு அவசரமே கிடையாது. ஒரு புடவை பிடித்தால் வாங்காமல் வந்துவிடுவேன். ஒரு மாதம் கழித்தும் நினைவில் இருக்கிறதா, சாதாரண செவ்வாய்க்கிழமையில் வகுப்புக்குக் கட்டிப்போவேனா, இருக்கிற ரவிக்கை ஏதாவது சேருமா என்று பார்ப்பேன். பெரும்பாலும் மறந்துபோயிருக்கும். கிறிஸ்துமஸுக்கு எடுத்த பருத்திப் புடவையையே உறவுக்காரர் கல்யாணங்களுக்கும் கட்டினேன். "மறுபடியும் இதேவா?" என்றவர்களிடம், "ஆமா, நல்லாருக்கில்ல?" என்றேன்.

இப்படி நான் பார்த்துப் பார்த்து நடக்க, பள்ளிக்கூடம் என் சம்பளத்திலேயே எனக்குப் பிடிக்காத குப்பையை வாங்கி என் கையில் திணிக்கிறது. அந்த வருட விழாவின் தலைப்பு என்ன தெரியுமா? 'பூமியைக் காப்போம்'. என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பழைய துணியைத் தூக்கி எறியக்கூடாது என்று நானே வசனம் எழுதி, மேடை நாடகம் பழக்கிக்கொண்டிருந்தேன்.

உறையைப் பிரிக்காமல் முதல்வர் அறைக்குப் போனேன்.

"மேடம், போன வருஷத்து மெரூன் எல்லார்கிட்டயும் இருக்கு. அதையே கட்டலாமே?"

"எப்படி மிஸ்? போட்டோ போன வருஷம் மாதிரியே இருக்கும்."

"இருந்தா என்ன மேடம்?"

"பேரண்ட்ஸ் பாப்பாங்க. டீச்சர்ஸுக்கு ஒரு புடவை வாங்கித் தர முடியலயான்னு நினைப்பாங்க."

"நீங்க எங்க மேடம் வாங்கித் தர்றீங்க?"

அவர் முகம் இறுகியது. "ஒரு நாளைக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. எல்லாரும் பண்றாங்கல்ல?" என்று கணினிப் பக்கம் திரும்பிவிட்டார்.

ஆசிரியர் அறையில் வந்து சொன்னபோது எல்லோரும் என் கட்சி. ஆனால் அந்த வார ஆசிரியர் கூட்டத்தில் நான் அதை மறுபடி எடுத்தபோது ஒருவரும் துணைக்கு வரவில்லை. தினமும் கோலார் தங்கவயலிலிருந்து ரயிலில் வரும் கணக்கு டீச்சர் மட்டும் என் கையைப் பிடித்து, "விடு மிஸ். சும்மனே எதுக்கு வம்பு?" என்றார்.

விழாவன்று மெரூன் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். வாசலிலேயே முதல்வர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க போட்டோவுக்கு வர வேணாம். ஸ்டேஜுக்குப் பின்னாடி டிரஸ்ஸிங் ரூமைப் பாத்துக்கோங்க."

என் பிள்ளைகள் பேசிய வசனங்களைத் திரைக்குப் பின்னாலிருந்துதான் கேட்டேன். பழைய துணியைப் பற்றிய இடத்தில் அரங்கமே கைதட்டியது. முன்வரிசையில் பீச் கலரில் உட்கார்ந்திருந்தவர்களும் தட்டினார்கள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடக்கூட முடியவில்லை.

அடுத்த வருடம் கூட்டத்தில் முதல்வர் லாவண்டர் என்று ஆரம்பித்தபோது கணக்கு டீச்சர் எழுந்து நின்றார். "மேடம், அலமாரியில இடம் இல்ல. எனக்கு வேணாம்." அவருக்குப் பின்னால் கன்னட டீச்சர், பிறகு நூலகர். நான் எழுந்திருக்கவே தேவைப்படவில்லை. கடைசியில் முதல்வர் இறங்கிவந்தார். நீலத்தில் எந்தச் சாயலும் சரி, அவரவர் வீட்டில் இருப்பதைக் கட்டலாம்.

அந்தச் சனிக்கிழமையே பாதிப் பேர் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுக்குப் போய்ப் புதிதாக நீலப் புடவை வாங்கி வந்தார்கள். ஆசிரியர் அறையில் பிரித்துக் காட்டி, "எப்படி இருக்கு மிஸ்?" என்று என்னிடமே கேட்டார்கள். நான் அடுத்த விடைத்தாளை எடுத்துத் திருத்த ஆரம்பித்தேன்.