கூட்டக் கூடாத சரக்கு

நீலாவதியைத் திருடின்னு சொன்ன வாயி என் முன்னாடி வந்து ஒருவாட்டி சொல்லட்டும், அப்புறம் இருக்குது. விருத்தாசலம் செராமிக் பேட்டையில, தர்மராஜ் கம்பெனியில எங்க ரெண்டு பேருக்கும் வேலை. நான் கரண்டுக்குப் போடுற பீஸ் கட்டையை அச்சுல அழுத்துறவ. அவ குடோன் பாத்துக்கிட்டா. புருஷன் செத்தப்புறம் ரெண்டு பொண்ணுங்களை அந்தச் சம்பளத்துலதான் வளத்தா.

ரெண்டாயிரத்து ஆறுல கம்ப்யூட்டர் வந்துது, கூடவே கோகுலகிருஷ்ணன்னு ஒருத்தரும் வந்தாரு. சனிக்கிழமைதோறும் அந்த வாரம் செஞ்சது எவ்ளோ, குடோன்ல இருப்பு எவ்ளோன்னு நீலாவதி சொல்லுவா, அவரு ஏத்திக்குவாரு. மாசக் கடைசியில மனுஷன் செஞ்சதுலயும் நாலு வாரத்தைக் கூட்டி, இருப்புலயும் நாலு வாரத்தைக் கூட்டித் தொலைச்சாரு. செஞ்சதைக் கூட்டலாம், ஒவ்வொரு வாரமும் செஞ்சது வேற வேற. இருப்பை எப்படிக் கூட்டுறது? விக்காமக் கிடக்குற அதே சரக்குதானே ஒவ்வொரு சனிக்கிழமையும் எண்ணுறது? வூட்டுல நிக்கிற ஒத்தை மாட்டை வாராவாரம் எண்ணிட்டு, நாலு மாடு இருக்குதுன்னா யாராவது ஒத்துக்குவாங்களா?

முதலாளி ஒத்துக்கிட்டாரு. அவரு குடோன் வாசப்படி மிதிச்சே வருஷக்கணக்காச்சு. கம்ப்யூட்டர் சொன்ன இருப்புல கால்வாசிதான் உள்ள இருந்துது. எல்லாரையும் நிக்க வச்சு நீலாவதிகிட்ட சாவியப் புடுங்கினாரு.

"கம்ப்யூட்டருக்கு உம்மேல என்ன விரோதமா?"

வூட்டுக்கு ஆள் அனுப்பிக் கட்டிலுக்கு அடியில கூடத் தேடுனாங்க. ஒண்ணும் கெடைக்கல, ஆனாலும் வேலை போச்சு.

சாவி முதலாளியோட மச்சான் தேவநாதன் கைக்குப் போச்சு. அடுத்த மாசமும் அதே மாதிரி சரக்கு குறைஞ்சுது. இப்ப யாரு வூட்டுக்கும் ஆள் போகல. மெஷின்ல என்ன கோளாறுன்னு பாருய்யான்னு முதலாளி கோகுலகிருஷ்ணனைத் திட்டுனாரு. மத்தியானத்துக்குள்ள தப்பு தெரிஞ்சுபோச்சு. மச்சான்னா மெஷின் மேல சந்தேகம், நீலாவதின்னா நீலாவதி மேல.

முதலாளி நீலாவதியைக் கூப்பிட்டு அனுப்புனாரு. மண்ணு பெசையிற எடத்துல வேலை இருக்குது, வான்னாரு. குடோனு மச்சான்கிட்டயே இருக்கட்டுமாம்.

"அன்னைக்கு எல்லாரு முன்னாடியும் சொன்னீங்க. இன்னைக்கும் எல்லாரு முன்னாடியும் சொல்லுங்க, நான் எடுக்கலன்னு," அப்படின்னா நீலாவதி.

அதான் சரியாப் போச்சே, இன்னும் என்னத்தச் சொல்றதுன்னு அவரு போனை எடுத்துக்கிட்டாரு.

மறுநாளே வேலைக்கு வந்தா. திருடின்னு பேரெடுத்தவளை வேற எந்தக் கம்பெனி சேத்துக்கும்? சாயந்தரம் நாங்க எல்லாரும் கேட்டைத் தாண்டி வந்துடுறோம். அவ பையை மட்டும் வாட்ச்மேன் இன்னும் தொறந்து பாக்குறான்.