நயினார் வைத்தியர் அடித்து எழுதச் சொன்ன பக்கம்

முதல் நாள் வைத்தியர் எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். தவறு எங்களுடையதுதான்.

அம்மாவை ஆயுர்வேத வைத்தியரிடம் காட்டப் போகிறோம் என்று முடிவானதும், எங்கள் வீட்டில் கருடசேவை பார்க்கக் கிளம்புவது போல ஏற்பாடுகள் நடந்தன. பெரிய மனிதர் எதிரில் போய் நிற்கும்போது பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்பது எங்கள் தெருவில் எழுதாத சட்டம். அம்மா விடியுமுன் எழுந்து தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தாள். முகத்தில் மஞ்சள் பூசினாள். பெட்டியில் இருந்த ஒரே நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, வாய் மணக்கட்டும் என்று வெற்றிலையும் போட்டுக்கொண்டாள். வேகவதி ஆற்று மணலைக் கடந்து, திருப்பருத்திக்குன்றம் வரை அப்பா முன்னும் நாங்கள் பின்னுமாக நடந்து போனோம்.

அங்கேதான் நயினார் வைத்தியர் இருந்தார். ஜைனர். ஜைனரை எங்கள் பக்கத்தில் நயினார் என்பார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு, பால் படர்ந்த கண்கள். அம்மாவின் முகத்துக்கு வெகு அருகில் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மொகத்துல மஞ்சள், தலையில எண்ணெய், நாக்குல வெத்தில. நான் இப்ப உன்னப் பாக்கறதா, மளிகைக் கடையப் பாக்கறதாம்மா?"

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"ஒடம்பு என்ன நிறத்துல இருக்குது, நாக்கு எப்படி இருக்குது, அதெல்லாம் எனக்குத் தெரியணும். நாளைக்கு வா. எழுந்தது எழுந்தபடி, வெறும் வயித்தோட, வாயக் கொப்பளிச்சிட்டு வா. அலங்காரம் அம்மனுக்குப் பண்ணு."

ஒரு நாள் வீணானதில் அப்பாவுக்கு எரிச்சல். எனக்கோ அழுகையே வந்தது. அதற்குக் காரணம் இருந்தது.

எங்கள் வீட்டில் நெய்வது கோர்வைச் சேலை. சேலையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்பதால் தறியில் ஒருவர் மட்டும் உட்கார்ந்தால் ஆகாது. அப்பா நெய்ய, வலது பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கான நூல் ஓடும் நாடாக் கட்டையைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த இன்னொருவர் அம்மா. பத்து நாட்களுக்கு முன் அம்மா நாடாவைக் கையில் பிடித்தபடியே தறிமேல் சாய்ந்துவிட்டாள். தண்ணீர் தெளித்து எழுப்பினோம். மறுநாளும் தலை சுற்றியது. அன்றிலிருந்து அவள் இடத்தில் நான்.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. எங்கள் வீட்டில் அதுவரை பெயரெழுதத் தெரிந்தவர்கூட யாரும் கிடையாது. அரைப் பரீட்சைக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. அப்பா சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. "வைத்தியரு என்னா சொல்றாருன்னு பாப்போம். இவளால இனிமே உக்கார முடியாதுன்னா நீ பள்ளிக்கூடத்த வுட்டுடு. எனக்கு வேற வழி இல்ல" என்று சொல்லிவிட்டார். ஆகவே அந்த வைத்தியர் பார்க்கப்போவது அம்மாவின் உடம்பை மட்டுமல்ல, என் படிப்பையும்தான் என்று நான் எண்ணியிருந்தேன்.

மறுநாள் அம்மா சாயம்போன புடவையுடன், கலைந்த தலையுடன் வந்தாள். வழியில் தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று தலையைக் குனிந்துகொண்டே நடந்தாள்.

வைத்தியர் உடனே கையைப் பிடிக்கவில்லை. நடந்து வந்த மூச்சு அடங்கட்டும் என்று அவளைப் பாயில் உட்காரச் சொன்னார். பிறகு, "உங்கள்ல எழுதத் தெரிஞ்சவங்க யாரு? நான் கேக்கறதையும் நீங்க சொல்றதையும் எழுதி வீட்டுக்கு எடுத்துக்கினு போவணும். எனக்குக் கண்ணு செரியில்ல" என்றார்.

அப்பா என்னை முன்னால் தள்ளினார். "இவதாங்க. எங்க வூட்ல இவ ஒருத்திதான்."

என் நோட்டின் நடுப்பக்கத்தைத் திருப்பி, மேலே கோடு போட்டு, இரண்டு பக்கமும் ஓரம் விட்டு, பென்சிலைக் கூர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் டீச்சர் அடித்தல் திருத்தல் இருந்தால் மதிப்பெண் குறைப்பார். ஒரு அடித்தலும் இல்லாமல் எழுதிக் காட்டுவது என்று முடிவு செய்தேன்.

வைத்தியர் அம்மாவின் இடது மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்துக் கண்களை மூடிக்கொண்டார். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடலாமென்று, "நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு தடவ துடிக்கும், எங்க டீச்சர் சொன்னாங்க" என்றேன்.

"அது எண்ணறது பாப்பா. நான் நடையப் பாக்கறேன்" என்றார் கண்ணைத் திறக்காமலே. "ஒரு வெரலுக்கு அடியில பாம்பு போற மாதிரி ஓடும். அடுத்ததுல தவள தாவும். மூணாவதுல அன்னம் நடக்கும். உங்கம்மா கையில பாம்புதான் துள்ளுது. மத்த ரெண்டும் படுத்துக்கிடக்குது."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தினமும் எனக்குத் தலை வாரிவிடும் அந்தக் கைக்குள் ஒரு பாம்பும் தவளையும் அன்னமும் இருக்கின்றன என்பதை நான் அறியாமலே இருந்திருக்கிறேன். எழுதுவதை விட்டுவிட்டு அம்மாவின் மணிக்கட்டையே பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. பச்சை நரம்பு மட்டும் தெரிந்தது.

நாக்கை நீட்டச் சொன்னார். கண்ணின் கீழிமையை இழுத்து, முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தார். நகங்களை அழுத்திவிட்டுப் பார்த்தார். பிறகு கேள்விகள். இத்தனை கேள்விகளை அம்மாவிடம் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. எத்தனை மணிக்குப் படுப்பாய், கனவு வருமா, தாகம் உண்டா, வியர்க்குமா, எந்தச் சுவை பிடிக்கும், கோபம் வருமா என்று போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா பதில் சொன்னார்.

"நல்லா தூங்குவாளுங்க. படுத்தா பொழுது விடியறவரிக்கும் ஒண்ணும் தெரியாது."

"பசி?"

"அதெல்லாம் வேளாவேளைக்கு நல்லா சாப்பிடுவா."

"என்ன ருசி புடிக்கும்?"

"எது போட்டாலும் சாப்பிடுவாளுங்க, கொற சொல்ல மாட்டா."

வைத்தியர் அப்பா பக்கம் திரும்பினார். "யப்பா, நாக்கு அவளுதா, உன்னுதா?"

அப்பா விழித்தார். வைத்தியர் குரலை மாற்றி, "ஆத்தங்கரையில கரிசலாங்கண்ணி கெடக்கும். வேரோட ஒரு கைப்பிடி பறிச்சிக்கினு வா. மஞ்சப் பூவா பாத்து எடு, வெள்ள வேணாம்" என்றார். அப்பா போனார்.

"பாப்பா, உங்கப்பா சொன்னதெல்லாம் அடிச்சிடு."

நோட்டைக் கையால் மூடிக்கொண்டேன். "அடிக்கவா? பக்கம் கெட்டுப்போயிடும்."

"போவட்டும். அடி."

அழகான ஏழு வரிகளை ஸ்கேல் வைத்து அடித்தேன். அதே கேள்விகளை அவர் மறுபடியும், முதலிலிருந்து, மெதுவாகக் கேட்டார். அம்மா பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்.

"தூக்கம் வர்றதில்லீங்க. அவரு படுத்தா அவருக்கு ஒண்ணும் தெரியாது. அதனால எனக்கும் அப்படியேன்னு நெனைச்சிக்கினு இருக்காரு."

வைத்தியர் சிரித்தார். அம்மாவும் சிரித்துவிட்டாள். அதன்பின் தயக்கமில்லை. புளிப்பு பிடிக்கும் என்றாள். படியேறினால் நெஞ்சு படபடக்கும் என்றாள். மாதாமாதம் அதிகமாகப் போகிறது என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அதை எழுத வேண்டாம் என்று வைத்தியர் எனக்குக் கைகாட்டினார்.

"காலைல சாப்பாடு?"

"காப்பிங்க."

"மத்தியானம்?"

அம்மா என்னைப் பார்த்தாள். "மத்தியானம் சாப்பிடறதில்லீங்க. பொண்ணு நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்துலருந்து பசியோட வருவா. அவளுக்கு எடுத்து வெச்சிடுவேன்."

"எத்தன நாளா?"

"இவ பெரிய பள்ளிக்கூடம் சேர்ந்ததுலருந்துங்க."

'மத்தியானம்' என்பதை எப்படி எழுதுவது என்று எனக்குச் சந்தேகம். 'மதியம்' என்று எழுதிவிட்டேன். அது பாதுகாப்பு.

அப்பா சேறு சொட்டும் கீரையோடு திரும்பி வந்தார். வைத்தியர் நோயும் மருந்தும் சொன்னார். சோகை. இரும்பிலிருந்து எடுத்த அயச்செந்தூரம், கரிசலாங்கண்ணி, நெல்லிக்காய். தேனில் குழைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். நயினார்கள் தேனைத் தொடமாட்டார்களாம், வெல்லத்தில் குழைக்கச் சொன்னார். இரண்டு மாதம் புளி ஆகாது. "இதே சோகைன்னு பக்கத்து வூட்டுக்காரி வந்தா இதக் குடுத்துடாதீங்க. இது இந்த ஒடம்புக்கு. அந்த ஒடம்புக்கு வேற" என்றார். தறியில் உட்காரலாமா என்று அப்பா கேட்டார்.

"அதச் சொல்றதுக்கு முன்னாடி, பாப்பா, எழுதினத மொதல்லருந்து படி. உங்கப்பாவும் கேக்கட்டும்."

இதற்காகவே காத்திருந்தவள் போல எழுந்து நின்றேன். வகுப்பில் பாடம் ஒப்பிக்கும் குரலில், நிறுத்தி, திருத்தமாகப் படித்தேன். "தூக்கம் இல்லை. படி ஏறினால் நெஞ்சு படபடக்கும். காலை, காப்பி. மதியம் சாப்பிடுவதில்லை. காரணம், மகள் நான்கு மணிக்குப் பசியோடு வருவாள். அவளுக்கு எடுத்து வைத்துவிடுவாள்."

ஒரு எழுத்தும் தடுக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அப்பா கீரையைப் பிடித்தபடி அப்படியே நின்றார். சேற்றுத் தண்ணீர் அவர் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா வேறு எங்கோ பார்த்தாள். "ரெண்டு மாசம் அவ தறியில உக்காரக் கூடாது" என்றார் வைத்தியர்.

திரும்பி வரும்போது ஆற்று மணலில் அப்பா நின்று, எனக்காகக் காத்திருந்து சொன்னார். "நாளைக்குப் பள்ளிக்கூடம் போ. கர தள்ள ஒரு ஆள வெச்சிக்கறேன்."

நான் துள்ளி ஓடினேன். அப்பாவை அசைத்தது என் வாசிப்புதான் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. அவ்வளவு நன்றாகப் படிக்கிற பெண்ணை யார்தான் தறியில் உட்காரவைப்பார்கள்?