செவ்வாய்க்கிழமை பம்ப் வகுப்பு

செவ்வாய்க்கிழமை என்றாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும். காலையில் இருந்து வார்டில் நின்று இடுப்புக் கழன்று போயிருக்கும். மத்தியானச் சோற்றைப் பாதி விழுங்கியும் விழுங்காமலும், இரண்டு மணிக்குக் கிளினிக் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனுக்கு முன்னால் உட்கார வேண்டும். எதிரே ஒரு மனித முகம் இருக்காது. திரையில் கமரா போடாதவர்களின் கறுப்புப் பெட்டிகள்தான் வரிசையாக இருக்கும். அந்தப் பெட்டிகளுக்கு நான் முட்டு வருத்தம் என்கிற ஆஸ்துமாவைப் பற்றியும், அதற்குக் கொடுக்கிற பம்ப் என்கிற இன்ஹேலரைப் பற்றியும் படிப்பிக்க வேண்டும்.

மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. கிராமத்துச் சுகாதாரத் தொண்டர்களுக்கும் சின்ன ஆஸ்பத்திரி டொக்டர்மாருக்கும் போன் வழியாகப் பயிற்சி. முதல் இருபது நிமிடம் வேறு ஊரிலிருந்து ஒரு நிபுணர் ஆங்கிலத்தில் படம் போட்டுப் பேசுவார். அதற்குப் பிறகு அதையே எங்கள் தமிழில் சொல்ல ஒரு தாதி வேண்டும். சத்தம் போட்டுக் கதைக்கிறவள் என்று எனக்கு ஏற்கெனவே பெயர் இருந்தபடியால் என் தலையில் கட்டிவிட்டார்கள். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிற மனுசிக்கு இது வேண்டுமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

"கமராவப் போடுங்க புள்ளையள்" என்று முதல் வாரம் கெஞ்சினேன். இரண்டாம் வாரம் ஏசினேன். "டேட்டா முடிஞ்சிரும் மிஸ்" என்று குருக்கள்மடத்திலிருந்து ஒரு குரல் வந்தது. சரி, அதுவும் மெய்தானே. மூன்றாம் வாரத்திலிருந்து கேட்பதையே விட்டுவிட்டேன். "விளங்கிச்சா?" என்பேன். "ஓம் மிஸ்" என்று எல்லாப் பெட்டியும் ஒன்றாகச் சொல்லும். எங்கள் ஊர் ஓமுக்கு ஆயிரம் அர்த்தம் உண்டு. விளங்கியது, விளங்கவில்லை, கேட்கிறது, கேட்கவில்லை, கெதியாக முடியுங்கள், அடுப்பில் சோறு கிடக்கிறது, எல்லாமே ஓம்தான். இது தெரியாதவளா நான்? தெரிந்துகொண்டே அந்த ஓமை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். களைப்பு அப்படி.

அந்தப் பெட்டிகளில் ஒன்றுதான் மாங்கேணித் தொண்டர். முப்பது வயதுப் பெண், புருசன் கடலுக்குப் போகிறவர். அவள் வீட்டுக்குள் சிக்னல் இல்லை. தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் வெயிலில் நின்றுதான் வகுப்பைக் கேட்பாள், கடற்காற்று அவள் போனுக்குள் எந்த நேரமும் ஊதிக்கொண்டே இருக்கும். வகுப்பு முடிந்து எல்லோரும் ஓடிப்போன பிறகும் அவள் மட்டும் நிற்பாள், ஏதாவது கேட்க.

"மிஸ், எங்கட பக்கத்தில ஒரு அக்கா கருவாடு காயப்போடுற. கிழமைக்கு ஒருக்கா முட்டு வந்து ஆஸ்பத்திரிக்கு ஆவி பிடிக்க ஓடுறா. அவட தாயும் முட்டில செத்ததாம். புருசனும் விட்டிட்டுப் போயிட்டான். எட்டு வயசில ஒரு பொம்புளப் புள்ள."

"பம்ப் குடுத்திருக்கா?"

"போன மாசம்தான் குடுத்த. இதுக்கும் குறையல்ல எண்டா, புள்ளயக் கொண்டு போய் டவுன் சிறுவர் இல்லத்தில விடப்போறாவாம் மிஸ். 'நான் மூச்சடைச்சுச் சாகக்குள்ள புள்ள தனியப் பாத்துக்கொண்டு நிக்கப்படா, நான் நிண்ட மாதிரி' எண்டு அழுறா."

எனக்கு அன்று பின்னேரம் வார்டில் இரண்டு பேர் குறைவு. "மகள், வீட்டுப் பிரச்சினையெல்லாம் இதுக்குள்ள கொண்டு வராத. பம்ப ஒழுங்கா அடிக்கிறாவா எண்டு பார். அடிச்சா எல்லாம் சரி வரும்" என்றேன். "ஓம் மிஸ்" என்றாள். எவ்வளவு பெரிய வைத்தியச்சி நான் அப்போது!

தொண்டர்கள் நோயாளிகளைப் பார்த்து நிரப்பி அனுப்புகிற படிவங்களில், அடுத்த வாரங்களில் அந்தக் கருவாட்டுப் பெண்ணுடையதும் வந்தது. "பம்பைச் சரியாகப் பாவிக்கிறாரா?" என்ற இடத்தில் தொண்டர் 'ஓம்' என்பதற்குச் சரி போட்டிருந்தாள். அவர்களுடைய ஆஸ்பத்திரி டொக்டர் ஒரு இளம் பொடியன், வேறு மாவட்டத்துப் பிள்ளை, வெளிநோயாளர் வரிசை வாசல்வரை நிற்கும்போதே வகுப்பைக் காதில் செருகிக்கொண்டு கேட்கிறவர். நல்ல மனம். அவரும் அந்தச் சரியைப் பார்த்தார். சரியாகத்தான் அடிக்கிறாள், ஆனாலும் குறையவில்லை, ஆகவே மருந்து போதாது என்று கணக்குப் போட்டார். பம்பின் அளவைக் கூட்டினார், ஸ்டீரொயிட் குளிசையும் கொடுத்தார். குளிசைக்கு முகம் ஊதியதே தவிர முட்டு விடவில்லை.

ஒரு புதன்கிழமை தொண்டர் போன் எடுத்தாள். 

"ஞாயித்துக்கிழம கொண்டுபோய் விட்டிட்டா மிஸ்."

"எத?"

"புள்ளய."

நான் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். அவள் சொல்லிக்கொண்டே போனாள். "ஒழுங்காத்தான் அடிக்கிறா மிஸ். காலையும் பின்னேரமும் நானே பக்கத்தில இருந்து பாக்கிறன். ஒருநாளும் விடயில்ல. அப்பிடியிருந்தும் ஏன் மிஸ்?"

ஏன் என்று எனக்கு எப்படித் தெரியும்? பேச்சை முடிப்பதற்காகத்தான் சொன்னேன், "சரி, நாளைக்கு அவ அடிக்கக்குள்ள வீடியோ எடுத்து அனுப்பு" என்று.

அந்த வீடியோ அரை நிமிடம்தான். கருவாட்டுப் பரணுக்குப் பக்கத்தில் பாயில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். ஊதிய முகம். சட்டைக் கழுத்தைக் கொஞ்சம் இறக்கி, பம்பின் வாயை நெஞ்செலும்பில் வைத்து அழுத்திக்கொண்டாள். கண்ணை மூடினாள். ஒரு தரம் அடித்தாள், இரண்டாம் தரம் அடித்தாள். வெள்ளையாகப் புகை சட்டையில் பட்டுச் சிதறியது. பிறகு தைலம் பூசுவது மாதிரி உள்ளங்கையால் அந்த இடத்தைத் தேய்த்தாள். "ஆ, அப்பிடித்தான் அக்கா. இப்ப மூச்ச உள்ளுக்கு இழுங்க" என்று தொண்டரின் குரல் பக்கத்தில் கேட்டது. அவளும் பெரிதாக ஒரு மூச்சு இழுத்தாள். வெறும் காற்று.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பொய் சொல்லக் கூடாது, சிரித்தேன். கூட நின்ற தாதிக்கும் காட்டப் போனேன். பாதியில் அந்தச் சிறுமியின் நினைவு வந்து கை நின்றுவிட்டது.

தொண்டருக்குப் போன் எடுத்து எரிந்து விழுந்தேன். "கோதாரி, ஆரடி உனக்கு நெஞ்சில அடிக்கச் சொன்ன?"

 "நீங்கதான் மிஸ்" என்றாள், காற்றுச் சத்தத்துக்குள்ளிருந்து. கோபமாகச் சொல்லவில்லை. கேள்வி கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

உடனே வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. முதல் வார வகுப்பில் அவள் தன் போன் திரையைப் படம் பிடித்து வைத்திருக்கிறாள். அதில் நான். கையில் பம்ப், பம்ப் நெஞ்சோடு ஒட்டியிருக்கிறது, கண் பாதி மூடி, வாய் திறந்தபடி. அன்றைக்கு "மருந்து இஞ்ச, நெஞ்சுக்குள்ள போகோணும்" என்று பம்ப் பிடித்த கையாலேயே நெஞ்சைத் தொட்டுக் காட்டியது எனக்கு ஞாபகம் வந்தது. அந்த இடத்தில் சிக்னல் போய் அவள் போனில் படம் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. வாயில் வைத்துக் காட்டியது அவளுக்குத் தெரியவில்லை. குரலும் அறுந்து அறுந்து போயிருக்கிறது. திரும்ப வந்தபோது கேட்டது இவ்வளவுதான்: "ரெண்டு தரம் அடியுங்க, மூச்ச உள்ளுக்கு இழுங்க." அடி என்றால் எங்கே அடிப்பது? மிஸ் படத்தில் நெஞ்சில் வைத்திருக்கிறா. சளிக்கு நெஞ்சில் தைலம் பூசி வளர்ந்த சனம் நாங்கள். அவளுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. மருந்து கொடுத்த இடத்திலாவது ஒருத்தர் காட்டிக் கொடுத்திருக்கலாம். 'தொண்டர் காட்டித் தருவா' என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

மறுநாள் லீவு போட்டேன். தன்னாமுனைச் சந்தியில் வாகரை பஸ் ஏறினால் மாங்கேணிவரை வழி முழுவதும் யோசிக்க நேரம் கிடைக்கிறது. நல்லதை யோசித்தேன் என்று நினைக்க வேண்டாம். மேலிடத்துக்கு அனுப்புகிற அறிக்கையில் எப்படி எழுதுவது என்றுதான் யோசித்தேன். 'தொண்டர் செயன்முறையைத் தவறாக விளங்கிக்கொண்டார்.' ஒரு வரி, முழுப் பொய்யும் இல்லை. ஓட்டமாவடிப் பாலம் தாண்டும்போது அந்த வசனம் எனக்குப் பாடமாகியிருந்தது.

அந்தப் பெண்ணின் வீட்டில், மருந்து வெளியே சிதறாமல் உள்ளே போவதற்காக ஒரு வெறும் தண்ணீர்ப் போத்தல் கேட்டேன். அடியில் ஓட்டை வெட்டிப் பம்பைச் செருகி, போத்தலின் வாயை அவள் வாயில் வைக்கச் சொன்னேன். முதலில் மூச்சை வெளியே விடச் சொல்லி, பம்பை நானே ஒரு தரம் அமத்தினேன். "மெதுவா இழுங்க. இழுங்க. இப்ப அடக்கிப் பிடிங்க." அவள் கண்கள் பெரிதாகின. மூச்சை விட்டதும் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னமோ கசக்குது மிஸ்."

"அதுதான் மருந்து."

"அப்ப இவ்வளவு நாளும்?"

நான் பதில் சொல்வதற்கு முன்னமே அவளுக்கு விளங்கிவிட்டது. என்னோடு வந்து நின்ற தொண்டரின் பக்கம் திரும்பினாள். "படிச்சிட்டு வந்து சொல்லித் தாறன் எண்டு நீதானடி சொன்ன? உன்ன நம்பித்தானே நான் கையில புடிச்ச. இந்த மருந்துக்கும் கேக்கல்ல, இனி நான் தப்பமாட்டன் எண்டுதானே எண்ட புள்ளயக் கொண்டுபோய் விட்ட!" மூச்சு வாங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை. "போகமாட்டன் போகமாட்டன் எண்டு கதவப் புடிச்சுக்கொண்டு நிண்டவள் தெரியுமா உனக்கு?"

தொண்டர் தலையைக் குனிந்துகொண்டாள். "எண்ட பிழதான் அக்கா. நான்தான் பிழையா விளங்கிட்டன்."

அவ்வளவுதான். நான் பாடமாக்கிய வசனத்தை அவளே சொல்லிவிட்டாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும், அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போயிருக்கலாம். இருந்தும் பார்த்தேன், கொஞ்ச நேரம். வெயிலில் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் நின்று ஒரு வகுப்பும் விடாமல் கேட்டவள் அவள் ஒருத்திதான். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

"இவட பிழ இல்ல" என்றேன். "நான் காட்டினதிலதான் பிழ. ஒருத்தருட கையையும் பாக்காம, ஓம் எண்டத நம்பிக்கொண்டு இருந்திட்டன். பாத்திருந்தா முதல் கிழமையே பிடிச்சிருப்பன்."

அந்தத் தாய் என்னை ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நல்லா இருந்திருக்கும். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்ப நீங்களே போய் எண்ட புள்ளயக் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

போய் நின்றவுடன் தருவார்களா? விடுகிற கையெழுத்துக்கு ஒரு நாள் போதும், எடுக்கிற கையெழுத்துக்கு அப்படி இல்லை. இல்லத்துக்குப் பொறுப்பான மடத்துச் சிஸ்டர் நல்லவர்தான். ஆனால் தாயின் வருத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று டொக்டரின் கடிதம் வேண்டும் என்றார், வேறு இரண்டு அலுவலகத்துக் கடிதங்களும் வேண்டும் என்றார். டொக்டர் பொடியன், "யானைக்கும் அடி சறுக்கும்தானே மிஸ்" என்று என்னைத் தேற்றப் பார்த்தார். "சறுக்கினது யானை தம்பி, நசுங்கினது ஆரு?" என்றேன். அதற்குப் பிறகு அவர் யானையைப் பற்றிக் கதைக்கவில்லை. குளிசையைப் படிப்படியாகக் குறைத்தார்.

செவ்வாய்க்கிழமைகளில் இப்போது நான் பாடம் நடத்துவதில்லை. ஒவ்வொருவராகக் கமராவைப் போட்டு, பம்பைப் பிடித்து எனக்குக் காட்ட வேண்டும். டேட்டா இல்லாதவர்கள் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்ட வேண்டும். ஒருத்தி பம்பைத் தலைகீழாகப் பிடித்தாள். ஒரு டொக்டர், பெயர் எதற்கு, மூடியைக் கழற்றாமலே அடித்துக் காட்டினார். இரண்டு மணிக்குத் தொடங்கினால் முடிய நாலரை ஆகிறது. என் இடுப்பு இன்னும் மோசம்.

ஒரு மாதத்துக்கு மேல் அந்தப் பெண் ஆவி பிடிக்க ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. கடைசிக் கடிதமும் வந்தது. தாயும் நானும் ஒரு சனிக்கிழமை காலை இல்லத்துக்குப் போனோம். சிஸ்டர் பிள்ளையைக் கூட்டி வந்தார். இரட்டைப் பின்னல், கழுவி மடித்த சட்டை, கையில் ஒரு சின்ன உடுப்புப் பெட்டி. தாயைக் கண்டதும் ஓடி வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று தாயின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். பிறகு என்னைக் கேட்டாள்.

"அம்மாக்கு இனி முட்டு வராதா மிஸ்?"

தாய் என் முகத்தைப் பார்த்தாள். ஓம், வராது என்று சொல்லிவிட எவ்வளவு ஆசையாக இருந்தது! ஆனால் முட்டு அப்படிப்பட்ட வருத்தம் இல்லை.

"சில நேரம் வரும் மகள். வந்தா என்ன செய்யிறதெண்டு இப்ப அம்மாக்கு வடிவாத் தெரியும்."

அவள் யோசித்தாள். பெட்டியைக் கீழே வைத்து, காலால் சுவரோரம் தள்ளிவிட்டாள்.

"அப்ப இது இஞ்சயே கிடக்கட்டும் மிஸ். திரும்பி வரக்குள்ள தூக்கிட்டு வரத் தேவையில்லதானே."

தாய் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.  பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு மூன்று பேரும் பஸ்ஸுக்கு நடந்தோம்.